தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17, 44ஆம் பிரிவுகளைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
மாவட்ட நுகர்வோர் நலச் சங்கம்.

பெறுநர்
மாண்புமிகு மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்கள்,
ஒன்றிய அரசு, புது டெல்லி.

பொருள்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 – தகவல் அறியும் உரிமையை மீட்டளித்தல், அரசுத் துறைகளுக்கான விலக்கை வரையறுத்தல், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குதல் – கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 24.08.2017.
2. மேற்படிச் சட்டமும் அதன் கீழான 2025ஆம் ஆண்டு விதிகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

அந்தரங்க உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது 2017இல். அப்படி ஓர் அடிப்படை உரிமையே இல்லை என்று அந்த வழக்கில் வாதாடியது ஒன்றிய அரசு. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை, 2019ஆம் ஆண்டு மசோதா, நாடாளுமன்றக் கூட்டுக் குழு, 2022இல் மசோதா வாபஸ் என்று ஆறு ஆண்டுகள் சுற்றிய பிறகு 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று.

வந்த வரிசையைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். நம் தரவை வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒப்புதல் பெறுவது, கேட்டால் அழிப்பது, கசிந்தால் தெரிவிப்பது ஆகிய கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதாவது 2027 மே மாதம் வரை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் 44(3)ஆம் பிரிவுக்கு ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. விதிகளோடு சேர்ந்தே நடைமுறைக்கு வந்துவிட்டது. மக்களுக்குக் கொடுப்பது தவணையில், மக்களிடமிருந்து எடுப்பது ரொக்கத்தில்.

எடுக்கப்பட்டது என்னவென்று சொல்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பழைய 8(1)(ஜே) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டும் மறுக்க அனுமதித்தது. அப்போதும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இவை யாவும் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. ரேஷன் கடையில் யார் பெயரில் அரிசி போனது, சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் யார், வேலைக்கு வராதவர் பெயரில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போட்டது யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரு பெயர்தான். பெயர் தனிநபர் தகவல். இனி பொதுத் தகவல் அலுவலர் ஒற்றை வரியில் மனுவைத் திருப்பிவிடலாம். சமூகத் தணிக்கைக்குக் கையில் மிஞ்சுவது மொத்தத் தொகை மட்டுமே.

அதே சட்டத்தின் 8(2)ஆம் பிரிவு அப்படியே இருக்கிறதே, பொதுநலன் கருதித் தகவல் தரலாமே என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்படுகிறது. ‘தரலாம்’ என்பது அலுவலகத்தின் விருப்பம். முறைகேட்டை வெளிக்கொணரும் தாளைத் தானே முன்வந்து நீட்டும் அலுவலகத்தை நம்பி மனு எழுதும் அளவுக்கு எங்கள் உறுப்பினர்கள் வெள்ளந்திகள் அல்லர். எனவே 44(3)ஐ நீக்கி, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பழைய வாசகத்தை அப்படியே மீட்டளிக்க வேண்டும். முந்தைய வரைவுகளில் இருந்து இந்தச் சட்டத்தில் காணாமல்போன பத்திரிகைப் பணிக்கான விலக்கையும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி, அறிவிக்கை ஒன்றின் மூலம் எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்தே முழுமையாக விலக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. உளவுக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு தேவைப்படும் சந்தர்ப்பங்களை நாங்கள் மறுக்கவில்லை. தேவையும் அளவும் நீதிபதி ஒருவரால் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. இன்று தொலைபேசி ஒட்டுக்கேட்க உத்தரவிடுவதும் அதிகாரிகள், அதைச் சீராய்வதும் அதிகாரிகள். பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022இல் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டதை நினைவூட்டுகிறோம்.

இழப்பீடு பற்றி. பென்ஷன் வரும் வங்கியையும் கணக்கின் கடைசி எண்களையும் சொல்லிப் பேசும் மோசடிக்காரருக்கு அந்த விவரம் எங்கோ கசிந்துதான் கிடைக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, அலட்சியமாக இருந்த நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்கலாம். புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், பணம் இழந்தவருக்குக் காலணா வராது. அதேவேளை அற்பமான புகார் என்று தரவுப் பாதுகாப்பு வாரியம் கருதினால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இழப்பீட்டு உரிமையைச் சட்டத்திலேயே எழுதவும், குடிமக்கள் மீதான இந்த அபராதத்தை நீக்கவும் வேண்டுகிறோம்.

தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள், மறுநியமனமும் உண்டு. நாட்டிலேயே மிக அதிகத் தரவை வைத்திருக்கும் அரசின் மீது, அடுத்த நியமனத்துக்கு அதே அரசை எதிர்பார்த்திருப்பவர் எப்படித் தீர்ப்பு சொல்வார்? தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரும் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரும் இடம்பெற வேண்டும். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளாக வேண்டும். ஒப்புதல் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெறச் சட்டம் வழி செய்திருப்பதை வரவேற்கிறோம். வாரியத்தில் புகார் தரவும் உத்தரவைப் பெறவும் அதே வசதியை விதியாக்க வேண்டும்.

மேற்கண்டவற்றை வரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரிலேயே திருத்த மசோதாவாகக் கொண்டுவரவும், அதற்குமுன் எங்களைப் போன்ற சங்கங்களை நேரில் அழைத்துக் கருத்துக் கேட்கவும், இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் படிவம்.
நகல்: தகவல் தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுத் தலைவர், தொகுதி மக்களவை உறுப்பினர், மாவட்ட ஆட்சியர்.