டேப்பை எடுங்க, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க

ஐ.டி. கம்பெனிக்காரங்க நாலு பேர் சேர்ந்து டீ குடிச்சா, இப்பல்லாம் பேச்சு ஆன்சைட்டுல ஆரம்பிச்சு கிராமத்து வீட்டுல போய் முடியுது. திண்ணை, முற்றம், நாட்டு ஓடு, பின்னாடி ஒரு கிணறு, ரெண்டு தென்னை மரம்... 2020-ல எல்லாரும் வீட்டுல உக்காந்து வேலை பார்க்க ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த ஜுரம் ஜாஸ்தி ஆயிடுச்சு. முதலியார்பேட்டையில எங்க தெருவுல இருந்த ஓட்டு வீடெல்லாம் மூணு மாடி ஆயாச்சு. திண்ணை வேணும்னா பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுன்னு வெளிய போகணும். ஆசை நல்ல ஆசைதான். நான் குறை சொல்ல வந்தது ஆசையை இல்ல, வாங்கற முறையை.

வீடு பார்க்கப் போறவங்க கையில என்னென்ன இருக்குன்னு கவனிச்சுப் பாருங்க. வாஸ்து பார்க்க மொபைல்ல திசைகாட்டி இருக்கும். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு எடுத்த ஈ.சி. இருக்கும். வக்கீல்கிட்ட காசு கொடுத்து வாங்கின லீகல் ஒப்பீனியன், பிளாஸ்டிக் ஃபோல்டர்ல பத்திரமா இருக்கும். டேப்? கிடையாது. அக்னி மூலை எங்கன்னு தெரியும், மனை எங்க முடியுதுன்னு தெரியாது :-)

வக்கீல் பார்க்கறது டாகுமென்ட்டேஷனை. டாகுமென்ட்டேஷன் அழகா இருக்கு, அதனால ப்ரோக்ராம் ஓடும்னு எந்த டெஸ்டராவது சொல்லுவானா? ஆனா அதே டெஸ்டர் நாப்பது லட்சம் போட்டு வீடு வாங்கும்போது பத்திரத்தைப் படிச்சுட்டு கையெழுத்துப் போட்டுடறான். பத்திரத்துல இருக்கற அளவும் தரையில இருக்கற அளவும் ஒண்ணுதான்னு யாரு சொன்னது? பத்திரம் எழுதினவர் போன பத்திரத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அவர் அதுக்கு முந்தினதைப் பார்த்து. காப்பி பேஸ்ட், அவ்வளவுதான்.

எங்க ஊர்ல இது இன்னும் கொஞ்சம் சிக்கல். புதுச்சேரி 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது, சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962-ல. அதனால பழைய வீட்டுப் பத்திரத்துல சொத்து விவரம்னு பார்த்தா கதாஸ்தர் நம்பர்னு ஒண்ணு இருக்கும், அது பிரெஞ்சுக்காரங்க காலத்து அளவை. ஆர்.எஸ். நம்பர்னு ஒண்ணு இருக்கும், அது அப்புறம் செஞ்ச ரீசர்வே. செட்டில்மெண்ட் சட்டம் 1970-ல வந்தது. டவுனுக்குள்ள இருந்தா டி.எஸ். நம்பர்னு மூணாவதா ஒண்ணு, கூடவே வார்டு, பிளாக். மூல பத்திரம் பிரெஞ்சுல நொத்தேர் எழுதினதா இருந்தா, அதைப் படிக்கவே தனியா ஆளைத் தேடணும். இந்த நம்பரெல்லாம் ஒரே மண்ணைத்தான் குறிக்குதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கோம். பெரும்பாலும் குறிக்கும். பெரும்பாலும்.

அளவு கணக்கு அதுக்கு மேல. பத்திரத்துல குழி. எங்க குழி 576 சதுர அடி, தஞ்சாவூர்ப் பக்கம் குழின்னா 144 சதுர அடி. நூறு குழி சேர்ந்தா எங்களுக்கு ஒரு காணி. பட்டாவுல ஹெக்டேர், ஆர், சென்டியார். ஒரு ஆர்னா நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார்னா ஒரு சதுர மீட்டர். இதுல கூத்து என்னன்னா, சென்டியார் வேற, சென்ட் வேற. சென்ட்னா 435.6 சதுர அடி, ஏறக்குறைய நாப்பது சதுர மீட்டர். ரெண்டையும் குழப்பிக்கிட்ட புரோக்கரை நானே பார்த்திருக்கேன். பாவம், மனுஷன் தமிழ்நாட்டுப் பக்கம், கோடு தாண்டி வந்தவர்.

எங்க சித்தப்பா வீடு பார்த்த கதையை இங்க சொல்லியாகணும். ரிட்டயர் ஆகப் போறார், பாகூர் பக்கம் ஒரு கிராமத்துல ஓட்டு வீடு ஒண்ணு பிடிச்சுப் போச்சு. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், எங்க பாஷையில சொல்தா. அவர் காலமாகி, அந்த ஆயா மட்டும் இருந்தாங்க. பசங்க ரெண்டு பேரும் பிரான்ஸ்ல. ஆயா ரொம்ப தங்கமானவங்க, பேரம் பேசப் போனவங்களுக்கு மோர் கொடுத்து உபசாரம் பண்ணி, "எங்கூட்டுக்காரர் வெச்ச மரம்யா"ன்னு தென்னையைக் காட்டிப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அங்க போய் யாருக்கு டேப் எடுக்க மனசு வரும்?

"டேய், அந்தம்மா முகத்தைப் பார்த்து அளக்கணும்னு எப்படிடா கேக்கறது? நம்மள என்ன நினைப்பாங்க?"ன்னார் சித்தப்பா.

"அவங்க பொய் சொல்றாங்கன்னு யாரு சொன்னா சித்தப்பா? அவங்களுக்கே தெரியாம இருக்கலாம் இல்ல?"ன்னு கேட்டேன்.

அதான் நடந்தது. லைசென்ஸ் வெச்ச பிரைவேட் சர்வேயர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனோம். அவர் முதல்ல வீட்டைப் பார்க்கவே இல்ல. சர்வே ஆபீஸ்ல எடுத்த புலப்படத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு, தெருமுனையில கல் தேடினார். ஒரு கல் புதருக்குள்ள, இன்னொண்ணு ரோடு போட்டப்ப புதைஞ்சு போச்சு. தோண்டிக் கண்டுபிடிச்சு, ஸ்டாண்டுல மிஷினை நிறுத்தி, அந்த ரெண்டு கல்லுலேர்ந்து கோடு பிடிச்சுக்கிட்டு வந்தார். ஒரு காலை வேலை, முடிஞ்சது.

பத்திரத்துல ஆறு குழி. பட்டாவுலயும் அதுவேதான், மூணு ஆர் இருபத்தோரு சென்டியார், அதாவது 3,456 சதுர அடி. தரையில வந்தது ரெண்டு ஆர் எழுபத்தெட்டு. அறுநூறு எழுநூறு எல்லாம் இல்ல, சுமார் 460 சதுர அடி குறையுது. கொஞ்சம் கிழக்கால பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ள போயிருந்தது. இதை விட மோசம், பின்பக்கம் மாட்டுக் கொட்டாயும் குளிக்கற ரூமும் இருந்த இடம் மனையிலயே இல்ல. அது வாய்க்கால் புறம்போக்கு. பாகூர் ஏரியைச் சுத்தி இருக்கற ஊர்கள்ல கிளை வாய்க்கால் எங்க ஓடிச்சுன்னு இன்னைக்கு இருக்கறவங்களுக்கே மறந்து போச்சு, புலப்படத்துல மட்டும் அது ஓடிக்கிட்டே இருக்கு.

ஆயாவுக்கு அதிர்ச்சி. பொய் சொல்லல அவங்க. மாமனார் கட்டின கொட்டாய், அவங்க கல்யாணமாகி வந்தப்பவே இருந்தது. அவங்களைப் பொறுத்தவரை அது அவங்க இடம். பசங்க ஃபோன்ல ஒரு வாரம் சண்டை போட்டாங்க, வேற ஆள் பார்த்துக்கறோம்னாங்க. சித்தப்பாவும் முறுக்கிக்கிட்டு விட்டுடுன்னார். கடைசியில, இருக்கற இடத்துக்கு மட்டும் விலை, கொட்டாய் கணக்குல கிடையாதுன்னு பேசி முடிச்சாங்க. இப்ப அங்கதான் இருக்கார். குளிக்கற ரூமை உள்ள தள்ளிக் கட்டிக்கிட்டார்.

அளக்காம வாங்கியிருந்தா? கணக்குக்கு சதுர அடி ரெண்டாயிரம்னு வெச்சுக்கோங்க. 460 சதுர அடிக்கு ஒம்பது லட்சத்து இருபதாயிரம். சர்வேயர் வாங்கினது சில ஆயிரம். எங்க டீம்ல இதை விட மோசமான லாபக் கணக்குக்கெல்லாம் பவர்பாயிண்ட் போடுவாங்க.

"அப்புறம் கேஸ் போட்டு வாங்கிக்கலாமே"ன்னு சொல்ற அண்ணன்களுக்காக கொஞ்சம் சட்டம். நான் வக்கீல் இல்ல, ஆனா இதெல்லாம் பொதுவா தெரிஞ்ச விஷயம். பத்திரத்துல சொன்ன சதுர அடியும் நாலு எல்லையும் ஒத்து வரலைன்னா, கோர்ட் பொதுவா எல்லையைத்தான் எடுத்துக்கும். அதாவது "கிழக்கே இன்னார் வீடு, மேற்கே தெரு"ன்னு எழுதினதுக்குள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் உங்களுது. நீங்க காசு கொடுத்த சதுர அடி பேப்பர்ல தூங்கும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தோட 55-வது பிரிவு, விக்கறவர் குறைகளைச் சொல்லணும்னு சொல்லுது, ஆனா எந்தக் குறை? வாங்கறவர் சாதாரண கவனத்தோட பார்த்தா கண்டுபிடிக்க முடியாத குறை. டேப் வெச்சா தெரிஞ்சிருக்குமேன்னு ஜட்ஜ் கேட்டா நாம என்ன சொல்றது?

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் நம்ம மனைக்குள்ள வந்து, அவர் தன்னோடதுன்னு பகிரங்கமா பன்னிரண்டு வருஷம் ஆண்டுக்கிட்டு இருந்தா, அனுபவ பாத்தியம்னு நிப்பார். பழைய வீட்டுல சுவர் எல்லாம் நாப்பது அம்பது வருஷம். புறம்போக்குல இருக்கறது நம்மளா இருந்தா அந்தப் பன்னிரண்டு வருஷக் கதை நமக்கு உதவாது, அரசாங்கத்துக்கு எதிரா முப்பது வருஷம். நீர்நிலைன்னா அதுவும் சொல்லிக்கிட்டுத் தப்பிக்கறது கஷ்டம், சென்னை ஹைகோர்ட் அந்த விஷயத்துல ரொம்ப கறார்.

"ரெஜிஸ்டர் பண்ணிக் கொடுத்தாங்களே"ங்கறது இன்னொரு மூடநம்பிக்கை. பதிவு அலுவலர் நிலத்தை அளந்து பார்க்கறதில்ல, விக்கறவருக்கு உரிமை இருக்கான்னு விசாரிக்கறதும் அவர் வேலை இல்ல. 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1) செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன கேஸ்லயும் இதைத்தான் தெளிவா சொல்லியிருக்காங்க.

கோடு தாண்டி விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வாங்கறவங்களுக்கு இன்னொரு தலைவலி, கிராம நத்தம். பழைய கிராம வீடுகள்ல முக்கால்வாசி நத்தத்துலதான் இருக்கும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும்தான் ஆதாரம்னு காட்டுவாங்க. நத்தம் சர்வே நடந்து பட்டா வந்திருந்தா அந்தப் படத்தோட அளவைக் கேளுங்க. வரலைன்னா அளவுங்கறது பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கற அளவுதான், அவரைப் பார்க்காம வாங்காதீங்க.

ட்ரோன் சர்வே வந்தாச்சேன்னு சிலர் சொல்றாங்க. ஸ்வாமித்வா திட்டம், 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்சது. புதுச்சேரி கிராமங்களுக்கு சொத்து அட்டை கொடுத்து முடிச்சாச்சு, தமிழ்நாடு முன்னோட்டத்தோட நின்னுடுச்சு. நல்ல திட்டம்தான், நான் ஆதரவு. ஆனா ட்ரோன் பறக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்க போடற சுண்ணாம்புக் கோட்டைத்தான் அது படம் பிடிக்குது. யார் எதை வெச்சிருக்காங்கன்னு அந்த அட்டை சொல்லும். உங்க பத்திரத்துல இருக்கறதோட அது பொருந்துதான்னு நீங்கதான் பார்க்கணும்.

அளக்கறதுக்கு எதிரா சொல்ற காரணங்கள்ல ஒண்ணு மட்டும் எனக்கு நியாயமா படுது. அரசாங்க சர்வேயருக்கு மனு போட்டா நாளாகும், அதுக்குள்ள வீடு கைமாறிப் போயிடும். சரி. அதனாலதான் ரெண்டு தடவை அளக்கணும்ங்கறேன். அட்வான்ஸுக்கு முன்னாடி பிரைவேட் ஆள். அவர் படத்துக்கு அரசாங்க முத்திரை கிடையாது, ஆனா பேரம் பேச, ஓடிப்போக அது போதும். அக்ரிமெண்ட்ல "அரசு அளவையில் வரும் பரப்புக்கே விலை"ன்னு ஒரு வரி. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி அரசு சர்வேயர். இந்த வரியைப் போட விக்கறவர் மறுத்தா எனக்கு அங்கயே பதில் கிடைச்சாச்சு.

மரியாதைக் குறைவுங்கறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். நகைக்கடையில எடை போட்டுத்தான் வாங்கறோம், அவர் கோவிச்சுக்கிட்டா கடையை மூடிட்டுப் போறார்? விக்கறவருக்கும் இதுல லாபம் இருக்கு. ஆயா பேர்ல நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டிருந்தா அந்த வயசுல கோர்ட்டுக்கு யார் அலையறது, பிரான்ஸ்ல இருக்கற பசங்களா?

சர்வேயர் வர்ற அன்னைக்கு வீட்டையும் ஒரு சுத்து பார்த்துடுங்க. கரையான், உத்தரம், சுவர் ஈரம், இதெல்லாம் கொத்தனார் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனா பத்து நிமிஷத்துல சொல்லிடுவார். முக்கியமா சுவர் யாருதுன்னு கேளுங்க. பழைய தெருவுல ரெண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச் சுவர் இருக்கும், நீங்க இடிச்சுக் கட்டலாம்னு போனா அந்தப் பக்கம் ஒருத்தர் தூங்கிக்கிட்டு இருப்பார். நம்ம ஓட்டுத் தண்ணி யார் வீட்டுல விழுது, கிணத்துல யார் யாருக்குப் பங்கு, பின்வாசல் சந்து பத்திரத்துல பொதுவழின்னு இருக்கா, இதையும் அப்பவே எழுதி வாங்கிடுங்க.

ஆமா, அளக்கற நேரம் பக்கத்து ரெண்டு வீட்டுக்காரங்களையும் முன்னாடி நாளே போய்ச் சொல்லிக் கூப்பிடுங்க. சித்தப்பா கேஸ்ல கிழக்கு வீட்டுக்காரர் முதல்ல கத்தினார், அப்புறம் அவரே மம்முட்டி எடுத்துட்டு வந்து புதைஞ்ச கல்லைத் தோண்டிக் கொடுத்தார். எங்க இருந்ததுன்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருந்தது!