டர்போ கார் வச்சிருக்கீங்களா? ஆயில் ஊத்துறதுக்கு முன்னாடி கேன்ல இதைப் பாருங்க!

"அண்ணே, ஆயில் மாத்தணும். நல்லதா ஒண்ணு குடுங்க."

ஸ்பேர்ஸ் கடைகளில் தினமும் கேட்கும் வசனம் இது. கடைக்காரரும் "என்ன வண்டி?" என்று கேட்டுவிட்டு ஒரு கேனை எடுத்து வைப்பார். பழைய மாடல் கார் என்றால் பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால், டர்போ காருக்கு இந்த ஒரு கேள்வி போதாது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், டர்போ மாற்ற பல பத்தாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டி வரலாம்.

ஏன் அப்படி? விளக்கமாகப் பார்ப்போம்.

திடீர்னு எங்க பார்த்தாலும் டர்போ... ஏன்?

ஒரு முக்கிய காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் 'சின்ன கார்' என்று 2006 பட்ஜெட்டிலேயே வரிச் சலுகை வந்துவிட்டது. ஜிஎஸ்டியிலும் அந்த அளவுகோல் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த சின்ன கார்களுக்கு வரி 18 சதவீதம். அளவைத் தாண்டும் பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம்.

என்ஜின் சின்னதாக இருக்க வேண்டும், இழுவையும் குறையக் கூடாது. இதற்கு கம்பெனிகள் கண்ட வழிதான் டர்போ. நெக்ஸான், வென்யூ, சோனெட், ஃப்ரான்க்ஸ், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் என பட்ஜெட் கார்களிலேயே இன்று டர்போ பெட்ரோல் கிடைக்கிறது. இன்றைய டீசல் கார் வைத்திருப்பவரா? அப்படியென்றால் உங்கள் காரும் டர்போதான்.

டர்போவுக்குள்ள என்ன நடக்குது?

சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். இதுதான் டர்போ.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெட்ரோல் என்ஜினில் உள்ளே வரும் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தொடும். இவ்வளவுக்கும் நடுவில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது, மெல்லிய ஒரு ஆயில் படலம்தான். உராய்வைக் குறைப்பதோடு, சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும் அதன் வேலை.

சூடு தாங்காத ஆயில் அங்கேயே கருகி, கரியாகப் படியும். அந்தக் கரி, டர்போவுக்கு ஆயில் போகும் ஒல்லியான குழாயை அடைக்கும். பிறகு பேரிங் தேய்ந்து, டர்போ சத்தம் போடும், நீலப் புகை வரும், இழுவை குறையும்.

இன்னொரு ஆபத்து: எல்எஸ்பிஐ

பெயர் புதிதாக இருக்கலாம். குறைந்த ஆர்பிஎம்மில் என்ஜினுக்கு அதிக பாரம் கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் எல்எஸ்பிஐ. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீச்சும் டர்போ என்ஜின்களில் இந்தப் பிரச்சனை அதிகம். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும்.

இதற்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? ஆயிலில் சேர்க்கும் சில வகை கால்சியம் ரசாயனங்கள் இதைத் தூண்டுவது ஆய்வுகளில் தெரியவந்தது. அதன்பிறகுதான் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட், அதாவது ஏபிஐ, 2018-ல் 'எஸ்என் பிளஸ்' என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 2020 மே மாதம் 'எஸ்பி', 2025 மார்ச் இறுதியில் 'எஸ்கியூ' தரங்கள் வந்தன. மூன்றிலும் எல்எஸ்பிஐ சோதனை உண்டு. வெறும் 'எஸ்என்' தரத்தில் அது கிடையாது.

உங்கள் பங்குக்கு ஒன்று: மேம்பாலம் ஏறும்போது டாப் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஒரு கியர் குறைத்துவிடுங்கள்.

5டபிள்யூ-30ன்னு பார்த்தா போதாதா?

போதாது. அந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பது. இரண்டாவது எண், சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. டர்போவுக்குத் தகுதியானதா என்பது இதில் தெரியாது. ஒரே 5டபிள்யூ-30, எஸ்என் தரத்திலும் கிடைக்கும், எஸ்பி தரத்திலும் கிடைக்கும்.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற வார்த்தையும் அப்படித்தான். நல்ல விஷயம், ஆனால் அது மட்டுமே தரச் சான்று ஆகாது.

நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில்தானே நல்லது?

பலரும் நம்பும் விஷயம் இது. அம்பாசடர் காலத்து 20டபிள்யூ-50 பழக்கம். ஆனால், வெளியே 30 டிகிரியோ 40 டிகிரியோ, ஓடும் என்ஜினின் சூட்டை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஒரு அளவுக்குள் வைத்திருக்கும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவைச் சென்றடையத் தாமதமாகும். அந்த சில நொடிகளும் தேய்மானம்தான். மேனுவலில் வெப்பநிலைக்கு ஏற்ப வேறு கிரேடு அனுமதித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

டீசல் கார்காரர்கள் கவனத்துக்கு

பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கும். சாதாரண ஆயில் எரியும்போது வரும் சாம்பல் இதை அடைத்துவிடும். இவற்றுக்குக் குறைந்த சாம்பல் ஆயில் தேவை. கேனில் ஏசிஇஏ சி2, சி3 போன்ற 'சி' வரிசை குறியீட்டைப் பாருங்கள். எந்த 'சி' என்பது மேனுவலில் இருக்கும்.

கடைக்குப் போகும்போது...

* மேனுவலில் உள்ள ஆயில் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு, தரம் இரண்டும் கேனோடு பொருந்த வேண்டும்.
* மேனுவல் எஸ்என் என்று சொன்னால் எஸ்பி ஊற்றலாம், தவறில்லை. எஸ்பி கேட்கும் காருக்கு எஸ்என் ஊற்றக் கூடாது.
* 'மீட்ஸ் ஏபிஐ எஸ்பி' என்று எழுதியிருந்தால் அது தயாரிப்பாளர் சொல்வது. ஏபிஐயின் வட்ட முத்திரை இருந்தால் அது உரிமம் பெற்ற ஆயில்.
* சீல் உடையாத கேனையே வாங்குங்கள். காலி கேனை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அதுவே போலி ஆயிலுக்குப் பாத்திரமாகலாம்.
* வெளியில் சர்வீஸ் விட்டாலும் பில் வாங்குங்கள். வாரண்டி கேட்கும்போது அதுதான் உங்கள் சாட்சி.

கடைசியா ஒண்ணு

நல்ல ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது, நேரத்துக்கு மாற்றவும் வேண்டும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் 'வண்டி ஓடவே இல்லையே' என்று தள்ளிப்போடாதீர்கள். என்ஜின் முழுதாகச் சூடாகாததால் பெட்ரோல் ஆயிலில் கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்யும்.

ஹைவேயில் விரட்டி வந்து விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்துகிறீர்களா? உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் என்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகாமல் இருக்க, அந்த ஒரு நிமிடம் உதவும்.

அடுத்த முறை கடையில் "நல்ல ஆயிலா குடுங்க" என்று கேட்காதீர்கள். "5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி" என்பதுபோல, உங்கள் மேனுவலில் இருப்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.