ஜால்ரா சரியில்லை!

ஆபீஸில் ஜால்ரா அடிக்கத் தெரியாததால் பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. வீட்டிலாவது அடிப்போமே என்று ஒரு எலெக்ட்ரானிக் டிரம்ஸ் செட்டைத் தவணையில் வாங்கினேன்.

காலேஜ் நாளில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் ஸார் நான். கல்யாணம், ஃப்ளாட், கீழ் வீட்டுக்காரர் என்று வரிசையாக வந்ததில் பழைய செட் கைமாறிப் போயிற்று. இதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கும் வாசிக்கலாம் என்றார் கடைக்காரர். வாஸ்தவம். டிரம் எல்லாம் ஜோர். ஆனால் சிம்பல்? பாட்டின் உச்சத்தில் ஓங்கி ஒன்று போட்டால் 'ஜ்ஜாங்ங்ங்...' என்று காற்றில் கரைய வேண்டாமோ? 'டிஷ்' என்று தும்மிவிட்டு நின்றது. எப்படி அடித்தாலும் அதே தும்மல்.

மனைவியிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன்.

"சமையல்கட்டுல தாம்பாளம் விழுந்தா இதைவிட நல்லா இருக்குமேங்க" என்றாள்.

விற்றுவிடலாம் என்றே தோன்றியது. அதற்கு முன் கொஞ்சம் துருவினேன்.

டிரம்மின் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். சிம்பல் அப்படியில்லை. நல்ல சிம்பல் என்றால் எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு வெள்ளீயம். ஓங்கித் தட்டினால் பத்து செகண்டுக்கு மேலும் இழையும். மெதுவாகத் தட்டினால் ஒரு குரல், பலமாகத் தட்டினால் வேறு குரல், விளிம்பில் ஒன்று, நடுக் குமிழில் ஒன்று. (மாமனாரிடமும் மேனேஜரிடமும் நாம் பேசுகிற மாதிரி.) இத்தனையையும் பதிந்து வைக்க இடம் வேண்டுமே! 1980-ல் அமெரிக்காவில் ராஜர் லின் என்பவர், நிஜ டிரம்ஸ் ஒலிகளைச் சிப்பில் அடைத்து எல்எம்-1 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, அதில் ஹை-ஹாட் உண்டு; க்ராஷ், ரைட் என்ற பெரிய சிம்பல்கள் கிடையாது. மெமரி விலை அப்படி! 1982-ல் வந்த அவருடைய லின்டிரம்மில்தான் அவை சேர்ந்தன.

இப்போது மெமரி கொள்ளை மலிவு. பின்னே என் செட் ஏன் தும்முகிறது?

பாதிக் குற்றம் அமைப்பில். ரப்பர் தட்டின் அடியிலுள்ள சென்ஸார், அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி அனுப்புகிறது. என் செட்டில் சென்ஸிடிவிட்டி ஏகத்துக்கு ஏறியிருந்ததால், தடவினாலும் 127, மொத்தினாலும் 127! நாலு படி குறைத்தேன். தும்மல் பேச்சாயிற்று.

மீதிக் குற்றம் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் குட்டிப் பதிவுகளில். யுஎஸ்பி ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, ஒரு டிரம்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டேன். அதில் ஒவ்வொரு சிம்பலுக்கும், ஒவ்வொரு பலத்துக்கும், தனித்தனிப் பதிவுகள். ஒரே இடத்தில் தொடர்ந்து தட்டினாலும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கும். (அடித்த பிறகு தாமதமாகச் சத்தம் வந்தால் 'பஃபர்' அளவைக் குறையுங்கள்.) சிம்பல் வால்யூமைக் கொஞ்சம் இறக்கி, அறை எதிரொலியைத் துளி சேர்த்தேன். விளிம்பைக் கையால் பிடித்தால் சத்தம் கப்பென்று நிற்கிறது. ஆபீஸ் ஜால்ராக்களுக்கு இந்த வசதி இல்லை.

சனிக்கிழமை ராத்திரி மறுபடி ஹெட்ஃபோனை மனைவிக்கு மாட்டிவிட்டு, ஒரே ஒரு அடி. ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் முழுசாக அடங்கும்வரை கழற்றவுமில்லை.

மறுநாள் லிஃப்டில் கீழ் வீட்டுக்காரர்: "ராத்திரி உங்க வீட்ல யாரு ஸார் குதிக்கறாங்க?"

கால் பெடல்! அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.