காப்பிப் பொடியும் கல்யாணக் கேள்வியும்

சென்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வீடு திரும்பியபோது, என் அண்ணன் மகள் கட்டிய புடவையைக் கூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் பாட்டி கையால் தயிரும் சர்க்கரையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முதல் முதலாகப் பேட்டிக்குப் போன பெண். பொருளாதாரத்தில் எம். ஏ. பட்டம் வாங்கியவள். போன இடம் ஓர் ஆலோசனை, ஆராய்ச்சி நிறுவனம்.

"போன காரியம் என்னடி ஆயிற்று?" என்றேன்.

"அத்தை! சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ காப்பிப் பொடி செலவாகும்? சட்டென்று சொல்லுங்கள், பார்க்கலாம்."

சமையலறையிலிருந்து அண்ணி தலையை நீட்டினாள். "நம் வீட்டில் ஐம்பது கிராம். ஊர்க் கணக்கு நமக்கு எதற்கு?"

"அங்கே என்னைக் கேட்ட கேள்வியே இதுதான். அம்மாவை அனுப்பியிருந்தால் ஜெயித்துக்கொண்டு வந்திருப்பாள்!" என்றாள் பெண். சொல்லும்போது சிரிப்பு வந்தது. ஆனால் முகத்தில் இல்லை.

இந்த ஆலோசனை நிறுவனங்கள் செய்யும் வேலை என்ன என்று வாசகிகளில் சிலர் கேட்கக் கூடும். பிஸ்கோத்துக் கம்பெனி ஒன்று புதிய ஊரில் கடை விரிக்கலாமா என்று யோசிக்கிறது. சர்க்கார் இலாகா ஒன்றுக்கு, ஏழாம் வகுப்போடு பெண் குழந்தைகள் படிப்பை நிறுத்துவது ஏன் என்று தெரிய வேண்டியிருக்கிறது. இவர்கள் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டு, புள்ளி விவரங்களைச் சேர்த்து, அலசிப் பார்த்து, "இப்படிச் செய்யுங்கள்" என்று யோசனை சொல்லுகிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். தொழில் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஆர்தர் லிட்டில் என்ற ரசாயன நிபுணர் 1886-ஆம் ஆண்டிலேயே இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டார். மெக்கின்ஸி நிறுவனம் 1926-ல் சிகாகோவில் பிறந்தது. நம் தேசத்தில் பொருளாதார ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசியக் கவுன்சில் 1956-ல் டில்லியில் ஏற்பட்டது.

யோசனைதான் அங்கே சரக்கு. ஆகவே, வேலைக்கு வருகிறவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கத்தான் இந்தக் காப்பிப் பொடிக் கேள்வி. இம்மாதிரிக் கேள்விக்குப் பெயர் பெற்றவர் என்ரிகோ பெர்மி என்ற பௌதிக மேதை. சிகாகோ நகரத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் தம் மாணவர்களைக் கேட்பாராம்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

முதல் அரை நிமிஷம் பேந்தப் பேந்த விழித்தாளாம். பிறகு ஒரு காகிதம் வாங்கிக்கொண்டு வாய்விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறாள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் சென்னையும் சுற்றுப்புறமும் சேர்ந்து 86 லட்சத்துக்கு மேல். இன்று கூடியிருக்கும், ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 25 லட்சம் வீடுகள். தேநீர் குடிக்கிறவர்கள், வெந்நீரில் கரைக்கும் காப்பித் தூள் வாங்குகிறவர்கள், இரண்டையுமே தொடாதவர்கள் போக, டிகாக்ஷன் இறக்கும் வீடுகள் ஒரு பத்து லட்சம். வீட்டுக்கு 50 கிராம். ஆக 50,000 கிலோ. அதாவது 50 டன்.

அங்கிருந்த ஓர் அம்மாள், "உங்கள் வீட்டில் 50 கிராம் என்றால் ஊரில் எல்லார் வீட்டிலும் 50 கிராம் ஆகுமா?" என்று கேட்டிருக்கிறார். பெண் யோசித்து, புருஷனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு உண்டு, காலையில் ஒரு வேளையோடு நிறுத்துகிற வீடு உண்டு என்று சொல்லி, 30 கிராமாகக் குறைத்தாளாம். 30 டன் ஆயிற்று. "இதில் விட்டுப் போனது ஏதாவது உண்டா?" என்று கடைசியாக ஒரு கேள்வி. "இல்லை" என்றாளாம்.

விடை 30 டன்னா, 40 டன்னா என்பது அங்கே பெரிதல்ல. எந்தப் படியில் கால் வைத்து எந்தப் படிக்கு ஏறினாள், எதை ஊகம் என்று ஒப்புக்கொண்டாள், தப்பு என்று காட்டியபோது முரண்டு பிடித்தாளா, திருத்திக்கொண்டாளா என்பதுதான் விஷயம். 'தன் வீட்டை வைத்து ஊரை அளக்காதே' என்பது ஆராய்ச்சித் தொழிலின் முதல் பாடம். அந்த அம்மாள் ஒரே கேள்வியில் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். இது நல்ல கேள்வி. சமையல்காரர் சொல்லும் பட்டியலைப் பார்த்து, "முந்நூறு இலைக்கு இவ்வளவு அரிசி எதற்கு?" என்று கேட்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இதில் பாதித் திறமை கைவசம் இருக்கிறது.

அவளோடு படித்த இன்னொரு பெண்ணும் அன்று வந்திருந்தாளாம். அவளுக்கு வேறு சோதனை. ஒரு பக்கம் நிறையப் புள்ளி விவரங்களைக் கொடுத்து, அரை மணிக்குள் ஒரே பக்கத்தில் சாரம் எழுதச் சொன்னார்கள். அவள் நாலு பக்கம் எழுதினாள். "எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேனே ஒழிய, அந்த எண்கள் சொன்னதை எழுதவில்லை" என்று வெளியே வந்ததும் அவளே சொன்னாளாம். தோற்ற இடத்திலேயே காரணத்தைக் கண்டுபிடித்தவள் அடுத்த இடத்தில் ஜெயித்துவிடுவாள்.

இவ்வளவும் நன்றாகத்தானே இருக்கிறது. பின்னே ஏன் இந்த முகம் என்று கேட்டேன். பெண் சற்று நேரம் பேசவில்லை.

"எல்லாம் முடிந்த பிறகு அங்கிருந்த பெரியவர் ஒருத்தர், 'உனக்குக் கல்யாணம் எப்போது அம்மா?' என்று கேட்டார், அத்தை. நான் இளித்துக்கொண்டு, 'இன்னும் இரண்டு வருஷம் ஆகும், ஸார்' என்றேன். எதற்காக இளித்தேன்? அதுதான் மனசை அறுக்கிறது."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, வேறோர் ஆபீஸில், இதே கேள்வியை என்னையும் கேட்டார்கள். நானும் இளித்தேன். வேலை கிடைத்தது. ஆனால் வேலை கிடைத்தது என் படிப்புக்கா, அந்த இளிப்புக்கா என்ற சந்தேகம் ரொம்ப நாள் என்னை விடவில்லை. இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவளிடம் சொன்னேன்.

எங்கள் எதிர் வீட்டு அம்மாள் கதை இன்னும் ஒரு படி மேல். ஆறு வருஷம் குழந்தைகளுக்காக வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி உத்தியோகம் தேடிப் போனாள். "குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார்கள். மாமியார் பெருமையைக் கால் மணி நேரம் விஸ்தரித்துவிட்டு வந்தாள். அதே வேலைக்கு அதே நாளில் வந்த ஒருவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பேச்சுக் கொடுத்தாள். அவருக்கும் இரண்டு குழந்தைகள். அவரிடம் அந்தக் கேள்வியே வரவில்லை!

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. சென்னையில் படித்த ஸி. பி. முத்தம்மா, 1949-ல் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. அவரிடமும் பேட்டியின்போது, இந்தப் பணி வேண்டாம் என்று மனசைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் கலையவில்லை. பிற்பாடு, அந்தப் பணியில் பெண்களுக்கு மட்டும் கல்யாண விஷயத்தில் இருந்த விதிகளை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். 1979-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், அந்த விதிகளின் பாரபட்சத்தைக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம், சம்பளத்தில் மட்டுமல்ல, வேலைக்கு ஆள் எடுப்பதிலும் பெண் என்பதற்காக வேற்றுமை காட்டக் கூடாது என்றது. 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கருத்து இடம் பெற்றது.

சட்டம் இருக்கட்டும். ஆள் எடுக்கும் கம்பெனிக்கே இதில் லாபம் இல்லை. பேட்டிகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர்கள் இருக்கிறார்கள். ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், எண்பத்தைந்து வருஷ ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸாக்கெட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2022-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். இரண்டு கணக்கிலும் ஒரு விஷயம் பொது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் பேட்டிதான், யார் வேலையை நன்றாகச் செய்வார் என்பதைக் கூடுதலாகக் காட்டுகிறது. வாய்க்கு வந்ததைக் கேட்கும் பேட்டி அவ்வளவு காட்டுவதில்லை. அந்த மேலான பேட்டி கூட ஜோசியம் மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி செய்து யோசனை சொல்லுகிறவர்கள், இந்த ஆராய்ச்சியையும் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் அல்லவா?

சரி, அந்தக் கேள்வி வந்தால் பெண்கள் என்னதான் செய்வது? "சண்டை போடு" என்று நான் சொல்ல மாட்டேன். வேலை தேவைப்படுகிறவளுக்கு அது சுலபம் அல்ல. கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை என்ன? இந்தப் பெண் நாலு மாதத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாளோ, வெளியூர் போக மறுப்பாளோ என்பதுதானே? அந்தக் கவலைக்கு மட்டும் பதில் சொல்லலாம். "இந்த வேலையில் வெளியூர் போக வேண்டும் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன், ஸார். போவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி நிறுத்திவிடலாம். கல்யாணத் தேதியும் மாமியார் பெருமையும் நம்மோடு வீட்டில் இருக்கட்டும். இன்னும் தைரியம் உள்ளவர்கள், "இதை எல்லோரிடமும் கேட்கிறீர்களா?" என்று குரலை உயர்த்தாமல் கேட்கலாம். அந்தச் சமயத்தில் நாக்கு எழாமல் இளித்துவிட்டால்? அதற்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். வெட்கப்பட வேண்டியது கேட்டவர்; பதில் சொன்னவள் அல்ல.

திங்கட்கிழமை அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், காரணம் தெரிவிக்கவில்லை. பெண் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மேஜை மேல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அண்ணி வாயைத் திறக்கவில்லை.

என் அம்மாதான் மௌனத்தைக் கலைத்தாள். "அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்பார்கள். இவர்களாவது கடிதம் போட்டார்களே! என்னைப் பார்த்துவிட்டுப் போன முதல் மூன்று பேர் இன்னும் போடவில்லை."

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை முகத்திலும்.

வியாழக்கிழமை வேறோர் இடத்தில் பேட்டி. அதற்காக இரவு மறுபடியும் காகிதத்தை விரித்துக் காப்பிக் கணக்கை அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எல்லாம் சரி. உன் தாத்தா ஆயுசு முழுக்கப் பாதிக் காப்பி ஹோட்டலில்தானே குடித்தார்? ஹோட்டல் கணக்கு எங்கே?"

பெண் பென்ஸிலைக் கீழே வைத்தாள். "விட்டுப் போனது ஏதாவது உண்டா என்று கேட்டார்களே! அதுதானா!"

வியாழக்கிழமைக் காலையில் இவள் காகிதத்தில் ஹோட்டலுக்கென்று தனியாக ஒரு வரி இருக்கும். கல்யாணக் கேள்விக்கும் ஒரு வரி தயாராக இருக்கிறது.