திருப்பூர்ப் பெட்டியும் நிக்கோபார்ப் புறாவும்

கோயம்புத்தூருக்கு வடமேற்கே, ஆனைகட்டி மலையடிவாரத்தில் சலீம் அலி பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1990-ல் தொடங்கப்பட்டது. நிக்கோபார் தீவுகளின் பறவைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற டாக்டர் ரவி சங்கரன் இங்கே பணியாற்றியவர். அந்தத் தீவுகளைப் பற்றித்தான் இன்று பெரும் விவாதம் நடக்கிறது.

அங்கே ஒரு காட்டுப் புறா உண்டு. நம் கோயில் கோபுரத்து மாடப்புறாவைப் போன்றதல்ல. உடல் பச்சையும் செம்புமாக மின்னும். கழுத்தில் பிடரி மயிர் போல் நீண்ட இறகுகள் தொங்கும். வால் மட்டும் வெள்ளை. காட்டுத் தரையில் உதிர்ந்த பழங்களையும் விதைகளையும் பொறுக்கித் தின்னும். ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். மொரீஷியஸ் தீவில் பூண்டோடு அழிந்துபோன டோடோ பறவைக்கு, உயிரோடிருப்பவற்றில் மிக நெருங்கிய உறவு இதுதான் என்று 2002-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது.

துறைமுகம் யாருக்கு?

பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் ஆகியவை அமைக்க 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் அனுமதி அளித்தது. இதற்காக ஒதுக்கப்படும் காடு சுமார் 130 சதுர கிலோ மீட்டர்.

சர்க்கார் சொல்லும் காரணத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. தூத்துக்குடிக்குப் போகும் திருப்பூர்ப் பனியன் பெட்டிகளில் பல, கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. மலாக்கா ஜலசந்திக்கு அருகே நமக்கே ஒரு துறைமுகம் இருந்தால் அந்நியத் துறைமுகங்களை நம்ப வேண்டியதில்லை என்பது வாதம். ஆகவே கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

ஈடாகுமா?

வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் வளர்ப்பது என்பது திட்டம். கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் சரியாகலாம். ஆனால் வட இந்தியாவில் நட்ட மரத்தின் பழம் தீவுப் புறாவுக்கு எட்டுமா? அந்தப் புறா தீவை விட்டுத் தீவு பறக்கும், ஹரியானாவுக்கு வராது.

வானம்பாடியின் நிலத்தில் வாழை வைத்துவிட்டு, வானம்பாடிக்கு ஈடு செய்தோம் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ஈடு என்றால் இழப்பு நேர்ந்த இடத்திலேயே செய்யவேண்டும். எஞ்சிய தீவுக் காட்டைத் தொடாமல் காப்பதும், புறா கூடு கட்டும் சிறு தீவுகளுக்குக் காவல் போடுவதும்தான் அது.

துறைமுகத்தை எங்கே வேண்டுமானாலும் யோசிக்கலாம். டோடோவின் நெருங்கிய உறவு வாழும் இந்தக் காட்டை அப்படி இடம் மாற்ற முடியாது.