பூட்டிய அறையின் கணக்கு

பாழ்மாளிகை, நள்ளிரவுச் சிரிப்பொலி, பூட்டிய அறை ஆகியன நிறைந்த கோதிக் புதினங்களை நம் மாணவியர் விரும்பிப் படிப்பது கண்டு பெற்றோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவை வெறும் பேய்க்கதைகள் என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

1847இல் சார்லட் பிரான்டே, 'கரர் பெல்' என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' புதினத்தை எடுத்துக்கொள்வோம். செல்வர் ரோச்செஸ்டர், மனநோய் கண்ட தம் மனைவியை மாளிகையின் மேல்மாடியில் மறைத்து அடைத்து வைத்திருக்கிறார். அவள் கொணர்ந்த சீதனம் 30,000 பவுண். அது அவர் கையில்! (சீதனம் பற்றி நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.) அவ்வீட்டிலேயே ஆசிரியையாகப் பணிபுரியும் ஜேனுக்கோ ஆண்டுச் சம்பளம் 30 பவுண்.

இஃது அச்சமூட்டப் புனைந்த கற்பனை மட்டுமன்று. அக்கால இங்கிலாந்துச் சட்டப்படி மணமான பெண்ணின் பணம் கணவனுக்கே உரியது. 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களே அந்நிலையை மாற்றின. மனைவியை அடைத்துவைக்கக் கணவனுக்கு உரிமையில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 1891இல்தான்.

மனைவி இருப்பதை அறிந்ததும் ஜேன் அம்மாளிகையை விட்டு வெளியேறுகிறாள். தந்தையின் உடன்பிறந்தார் விட்டுச்சென்ற செல்வத்தில் 5,000 பவுண் தன் பங்காகக் கிடைத்த பின்னரே ரோச்செஸ்டரிடம் மீள்கிறாள். காதற்கதையென்றே இதனைப் படிப்போர் இந்தக் கணக்கைக் காண்பதில்லை.