ஐந்தோடு காலைச் சோறு, பத்தோடு மதியச் சோறு



கள்ளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரனுக்கு இன்று ரெண்டு சங்கதிதான் ஞாபகம் வருகிறது. ஒன்று, 2022 ஜூலை, கனியாமூர். தனியார் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி பிணமானாள். நாலாம் நாள் பள்ளி தீக்கிரையானது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றொன்று, 2024 ஜூன், கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல் காவு வாங்கியது. செத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம சனம், அன்றாடங்காய்ச்சிகள்.

ரெண்டு முறையும் அரசாங்கத்துக்குப் பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள். கனியாமூருக்குப் பிறகு மாணவர் மனநலம், ஆலோசனை என்று பேச்சு வந்தது. கருணாபுரத்துக்குப் பிறகு, தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் என்று அறிவிப்பு வந்தது. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பிணம் விழுந்தால்தானா நம்ம புள்ளைங்களுக்கும் மனசு, வயிறு, படிப்பு எல்லாம் இருப்பது கோட்டைக்குத் தெரியும்?

பெயர் வைப்பதில் மட்டும் நம் ஆட்சியாளர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாணவர் மனசு, நான் முதல்வன், மகிழ் முற்றம், திறன், அகல் விளக்கு. கேட்க இனிக்கிறது. மகிழ் முற்றத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகப் பிரிக்கிறார்கள். சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே அணியில் நின்றால் நல்லதுதான், கிண்டல் செய்யவில்லை. ஆனால் கல்வராயன் மலைப் பிள்ளைக்கு எந்த நிலம் சீட்டில் விழுந்தாலும், விடியற்காலையில் எழுந்து வெறும் வயிற்றோடு காட்டுப் பாதையில் நடக்கிற நடை மாறப்போவதில்லையே.

சோற்றுக் கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்று கோடு போட்டது. ஆறாம் வகுப்புக்குப் போன மறுநாளே பிள்ளையின் பசி தீர்ந்துவிடுமா? சத்துணவு 1982இல் வந்தது. 1984இல் 15 வயதுப் பிள்ளை வரைக்கும் நீட்டினார்கள், அதாவது பத்தாம் வகுப்பு. அதற்கப்புறம் 40 வருஷமாகியும் கோடு பிளஸ் ஒன் பக்கம் நகரவில்லை. இல்லம் தேடிக் கல்வி 2021இல் பக்கத்து மரக்காணம் பகுதியில்தான் தொடங்கியது. அது எட்டாம் வகுப்போடு முடிந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதில் கைகழுவுகிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் காத்திருக்கிறது. கரையேறியவர்களுக்கு ஓடம்! ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஆறு சுழித்து ஓடுகிற இடத்தில் ஒரு கட்டைகூடக் கிடையாது. நம்ம புள்ளைங்க முழுகுறது சரியா அந்த இடத்துலதான்.

மலையில் இது இன்னும் கொடுமை. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில், கொத்தடிமையாய்க் கிடந்த மலை அது. அரசாங்கம் மலையேறியே அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதனால்தான் பல மலையாளி வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தொடுகிற முதல் பிள்ளை இப்போதுதான் வருகிறது. அந்தப் பிள்ளை ஒன்பதில் இருக்கும்போது தாய் தகப்பன் கேரளாவுக்கும் குடகுக்கும் எஸ்டேட் கூலிக்குப் போகிறார்கள். காப்பி, மிளகு பறிப்பும் முழு ஆண்டுத் தேர்வும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து தொலைகின்றன. தம்பி தங்கச்சியை யார் பார்ப்பது? மூத்தவள்தான். அப்புறம் பள்ளிக்கூடத்தில் ‘இடைநிற்றல்’ என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிடுவார்கள். பையன் என்றால் அவனும் கூலிக்கு வண்டியேறுவான். செம்மரத்துக்கு ஆள் பிடிக்கிற தரகனுக்குத் தோதான வயசு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழ்க் கூலிகளை மறந்துவிட முடியுமா?

இதில் வேடிக்கை, மலைக்காரனைக் கண்டாலே சாராயக்காரன் என்று எழுதுகிற பத்திரிகைகள். மெத்தனால் என்ன மலையில் விளைகிற கடுக்காயா? அது ஆலைச் சரக்கு. பழி மட்டும் மலையேறிப் போகிறது, பேருந்து போவதில்லை.

உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதே, விடுதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2025இல் அரசு விடுதிகளுக்கெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர்ப்பலகை மாற்றினார்கள். பலகைக்குப் பின்னால் அடுப்பங்கரை எப்படி இருக்கிறது? பள்ளி மாணவனுக்கு மாத உணவுப்படி 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 47 ரூபாய்கூட வராது. வளர்கிற பிள்ளைக்கு மூன்று வேளையும் அதில் அடக்கம். இதை நிர்ணயித்த அதிகாரி ஒரு வேளை டிபனை 47 ரூபாயில் முடிப்பாரா?

சரி, மனசுக்கு வருவோம். பள்ளியில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி தொங்குகிறது. அதைத் திறக்கிற குழுவுக்குத் தலைவர் தலைமையாசிரியர். சாதியைச் சொல்லித் திட்டுகிற ஆசிரியரைப் பற்றி எந்தப் பிள்ளை அதில் சீட்டு போடும்? நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில், கூடப் படிக்கிறவர்கள் செய்யும் கொடுமையைப் பள்ளியில் சொன்ன பையனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். வாய் திறந்த பிள்ளையைக் காப்பாற்ற ஆள் இல்லாத இடத்தில் பெட்டி எதற்கு?

அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகர வரிசைப்படி உட்கார வை என்றெல்லாம் சொன்னது. வரவேற்கிறோம். 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மாணவர் நல அலுவலர் என்றும் சொன்னது. இங்கேதான் நமக்கு ஒரு பேச்சு இருக்கிறது. மலைப் பள்ளியிலும் சிற்றூர்ப் பள்ளியிலும் தலையை எண்ணினால் 500 தேறுமா? எண்ணிக்கை குறைந்த பள்ளிக்குத்தான் அப்படி ஓர் ஆள் முதலில் தேவை. அங்கே பிள்ளைக்குச் சொல்லி அழ வேறு நாதி கிடையாது.

சேரிகளில் இரவுப் பாடசாலை நடத்தும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருவது பெரிய வேலை, விட்டுவிடாதீர்கள். ஆனால் அரசு செய்யவேண்டியதை நாம் இலவசமாகச் செய்து கொடுத்து அவர்களைத் தப்பிக்க விடக்கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப இடம் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கையெழுத்து மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிறார்களா?

அடுத்த கூட்டத்துக்கு நம் அம்மாக்களோடு போங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை காலையும் மதியமும் சோறு, பள்ளி நேரத்துக்குப் பேருந்து, வெளிமாநிலக் கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்த மாதங்களில் தங்குமிடம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். வாயால் பேசிவிட்டு வராதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். நகல் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய், ஒரு மனு, 30 நாள்.